பைன்வுட் டெர்பி கார்: முதன்முறை செய்பவர்கள் வேகத்தை எங்கே தேட வேண்டும்

அமெரிக்காவில் குருளைச் சாரணர் குழுவில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோருக்குக் குளிர்காலத்தில் ஒரு சிறிய அட்டைப்பெட்டி வந்து சேரும். அதற்குள் ஒரு பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், அச்சுகளாகப் பயன்படும் நான்கு ஆணிகள் ஆகியவை இருக்கும். அந்தக் கட்டையைச் செதுக்கிக் காராக்கி, சரிவான தடத்தின் உச்சியிலிருந்து விட்டு, எந்தக் கார் முதலில் முடிவுக்கோட்டைத் தொடுகிறது என்று பார்ப்பதுதான் பைன்வுட் டெர்பி. கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் குருளையர் தலைவராக இருந்த டான் மர்ஃபி, பிள்ளைகள் தாங்களே ஏறி ஓட்டும் சோப் பெட்டிக் கார்ப் பந்தயத்துக்கு வயது போதாத தன் மகனை மனத்தில் வைத்து இந்த விளையாட்டை வகுத்தார். முதல் பந்தயம் 1953 மே 15 அன்று அங்கே நடந்தது. அன்று முதல் இன்று வரை அடிப்படை மாறவில்லை: கட்டை, ஆணி, சக்கரம், சரிவு.

இந்தப் பெட்டியை முதன்முறையாகத் திறப்பவர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன். தச்சு வேலையில் பழக்கம் இல்லாதவர்களும், வீட்டில் ஒரு டிரில் எந்திரமும் சில உப்புத்தாள்களும் மட்டும் வைத்திருப்பவர்களும் இதில் உள்ள பெரும்பாலான வேலைகளைச் செய்ய முடியும். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே வலியுறுத்த விரும்புகிறேன். புதியவர்கள் தங்கள் நேரத்தில் பெரும்பகுதியைக் காரின் உருவத்துக்குச் செலவிடுகிறார்கள்; ஆனால் பந்தயத்தைத் தீர்மானிப்பவை, பார்வையாளர் கண்ணுக்கே படாத நான்கு ஆணிகளும் சக்கரத் துளைகளும்தான்.

கார் எதனால் ஓடுகிறது

இந்தக் காருக்கு எஞ்சின் கிடையாது. தடத்தின் உச்சி பெரும்பாலும் தரையிலிருந்து ஏறத்தாழ 4 அடி உயரத்தில் இருக்கும். கார் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது புவியீர்ப்பு தரும் ஆற்றலைத் தவிர அதற்கு வேறு ஆற்றல் எதுவும் இல்லை. 4 அடி என்பது சுமார் 1.2 மீட்டர். உராய்வும் காற்றுத் தடையும் அறவே இல்லாமல், சக்கரங்களைச் சுழற்றவும் ஆற்றல் செலவாகாமல் இருந்தால், அந்த உயரத்திலிருந்து இறங்கும் பொருள் நொடிக்கு சுமார் 4.8 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகம் பெறும். எவ்வளவு திறமையாகக் கார் செய்தாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. எல்லோருக்கும் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், அதை வழியில் யார் குறைவாக இழக்கிறார்கள் என்பதே போட்டியாகிறது.

இழப்பு நான்கு இடங்களில் நிகழ்கிறது. சக்கரத் துளைக்கும் ஆணிக்கும் இடையிலான உராய்வு முதலாவது. கார் நேராகச் செல்லாமல், தடத்தின் நடுவே உயர்ந்து ஓடும் பட்டையில் மாறி மாறி மோதுவது இரண்டாவது. சக்கரங்களைச் சுழற்றுவதற்கு ஆகும் செலவு மூன்றாவது. காற்றின் தடை நான்காவது. கடைசியாகச் சொன்ன காற்றுத் தடைதான் பலரையும் முதலில் ஈர்க்கிறது. என் கணிப்பில் முதல் இரண்டு இழப்புகளையும் குறைப்பதே புதியவரின் காரை முன்னே கொண்டுவரும்.

முதல் வேலை: விதித்தாளைப் படித்தல்

ரம்பத்தை எடுப்பதற்கு முன் உங்கள் குழு தந்த விதித்தாளை முழுவதுமாகப் படியுங்கள். எடை 5 அவுன்ஸுக்கு மிகாமல், அதாவது சுமார் 141.7 கிராமுக்குள் இருக்க வேண்டும். நீளம் 7 அங்குலத்தையும், சக்கரங்களோடு சேர்ந்த அகலம் 2¾ அங்குலத்தையும் தாண்டக் கூடாது. இடப் பக்கச் சக்கரத்துக்கும் வலப் பக்கச் சக்கரத்துக்கும் இடையே 1¾ அங்குல இடைவெளியும், காரின் அடிப்பாகத்துக்கும் தடத்துக்கும் இடையே 3/8 அங்குல இடைவெளியும் வேண்டும் என்பவை பரவலாக வழங்கும் அளவுகள். கடைசி இரண்டு அளவுகளும் தடத்தின் அமைப்பிலிருந்து வருபவை. தடத்தின் ஒவ்வொரு ஓடுபாதையின் நடுவிலும் ஓர் உயர்ந்த பட்டை ஓடுகிறது. கார் அந்தப் பட்டையின் இருபுறமும் சக்கரங்களை வைத்துக்கொண்டு அதன் மேலாகச் செல்கிறது. அடியில் எடைத்துண்டு ஏதேனும் துருத்திக்கொண்டிருந்தால் அது பட்டையில் உரசி, காரையே நிறுத்திவிடும்.

இவற்றுக்கு மேல் ஒவ்வொரு குழுவும் தனக்கென்று சில விதிகளை வைத்திருக்கும். கட்டையில் ஏற்கெனவே வெட்டியிருக்கும் அச்சுப் பள்ளங்களையே பயன்படுத்த வேண்டுமா, புதிய துளைகள் போடலாமா? நான்கு சக்கரங்களும் தரையைத் தொட வேண்டுமா? ஆணியை வளைக்கலாமா? சக்கரத்தின் மேற்பரப்பைத் தேய்க்கலாமா? உராய்வைக் குறைக்க இடும் உயவுப்பொருள்களில் எதற்கு அனுமதி உண்டு? கீழே சொல்லப்போகும் சில உத்திகள் இக்கேள்விகளுக்கான விடைகளைப் பொறுத்தவை. விதித்தாளில் விடை இல்லையென்றால் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பந்தய நாள் காலையில், பரிசோதனை மேசைக்கு முன்னால், எட்டு வயதுப் பிள்ளையின் கார் விதிமீறல் என்று திருப்பி அனுப்பப்படுவதை விட வருத்தமான காட்சி இந்த விளையாட்டில் இல்லை.

உடலைச் செதுக்குதல்

கட்டையின் அளவு 7 அங்குல நீளம், 1¾ அங்குல அகலம், 1¼ அங்குல உயரம். அதன் அடிப்பக்கத்தில் உள்ள இரண்டு பள்ளங்களும் இரு முனைகளிலிருந்தும் சம தொலைவில் இல்லை என்பதைக் கவனியுங்கள். முனைக்கு நெருக்கமான பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்தைக் காரின் பின்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் எடையைப் போதுமான அளவு பின்னுக்குத் தள்ள முடியும்.

உருவத்தில் நான் பரிந்துரைப்பது ஒன்றே: முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் சற்றே உயர்ந்த மெல்லிய ஆப்பு வடிவம். மணிக்கு 17 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் காற்றுத் தடை சிறியதுதான். ஆயினும் செதுக்காத முழுக் கட்டைக்கும் மெல்லிய ஆப்புக்கும் இடையே வேறுபாடு தெரியும். ஒரு மெல்லிய வடிவத்துக்கும் இன்னொரு மெல்லிய வடிவத்துக்கும் இடையே அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. எனவே பிள்ளை வண்டிக்குச் சுறாமீன் துடுப்பு வேண்டும் என்று கேட்டால் தாராளமாக வைக்கலாம். மூக்கு மட்டும் தட்டையாகவும், தடத்தின் உச்சியில் காரைத் தடுத்து நிறுத்தும் தொடக்கக் கம்பியைத் தொடும் உயரத்திலும் இருக்க வேண்டும். உடலை மெலிதாக்குவதில் கிடைக்கும் பெரிய நன்மை வேறு: மரத்தின் எடை குறையும் அளவுக்கு, நீங்கள் விரும்பிய இடத்தில் வைக்கக்கூடிய கூடுதல் எடை மிச்சமாகிறது.

கட்டையின் பக்கவாட்டில் பென்சிலால் கோடு வரைந்து, அந்தக் கோட்டின்படி அறுத்து, முதலில் சொரசொரப்பான உப்புத்தாளாலும் பிறகு மென்மையானதாலும் தேய்க்க வேண்டும். அறுப்பது பெரியவர் வேலை. தேய்ப்பது பிள்ளையின் வேலை. அச்சுப் பள்ளத்துக்கு மேலே குறைந்தது கால் அங்குல மரமாவது மிஞ்சும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட மெலிதானால் ஆணியைச் செலுத்தும்போது மரம் பிளக்க வாய்ப்பு உண்டு. வண்ணம் பூசுவதையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும். பூசும்போது அச்சுப் பள்ளங்களையும் சக்கரத்தின் உட்பக்கம் உரசும் இடங்களையும் நாடாவால் மறைத்துவிடுங்கள். வண்ணம் முழுமையாகக் காயச் சில நாள்கள் கொடுங்கள். பாதி காய்ந்த வண்ணத்தில், பின்னர் உயவுக்காக இடும் கிராஃபைட் தூள் ஒட்டிக்கொண்டால் பிறகு எடுக்க முடியாது.

எடை எங்கே அமர வேண்டும்

கார் அனுமதிக்கப்பட்ட 5 அவுன்ஸ் எடையையும் எட்ட வேண்டும். எடை கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூடுமே என்று சிலர் ஐயப்படுகிறார்கள். அச்சின் உராய்வைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் காற்றுத் தடை எடையோடு கூடுவதில்லை. சக்கரங்களைச் சுழற்றும் செலவும் அப்படித்தான். ஆகவே எடை கூடிய காருக்கு இந்த இரண்டு இழப்புகளும் அதன் மொத்த ஆற்றலில் சிறிய பங்காகிவிடுகின்றன.

அந்த எடை எங்கே இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். தொடக்கக் கம்பியில் எல்லாக் கார்களின் மூக்கும் ஒரே இடத்தைத் தொட்டு நிற்கின்றன. கார்களோ சரிவில் சாய்ந்திருக்கின்றன. எடையின் மையம் பின்னால் இருக்கும் காரில் அந்த மையம் சரிவில் சற்று மேலே நிற்கிறது. முடிவுக்கோட்டில் எல்லாம் சமதளம். ஆகவே பின்னால் எடை உள்ள கார் சற்றுக் கூடுதலான உயரம் இறங்குகிறது. சரிவு 30 பாகை என்று கொண்டால், எடை மையத்தை ஓர் அங்குலம் பின்னுக்கு நகர்த்துவது அரை அங்குல உயரத்தைத் தருகிறது. 48 அங்குலத்தில் அரை அங்குலம் என்பது ஏறத்தாழ ஒரு சதவீத ஆற்றல், அதாவது அரை சதவீத வேகம். அரை சதவீதம் அற்பமாகத் தோன்றலாம். சமதளப் பகுதி 25 அடி என்றால் அது ஒன்றரை அங்குல முந்துதலாக மாறுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வரை மின்னணுக் கருவியால் அளக்கப்படும் பந்தயத்தில் ஒன்றரை அங்குலம் தெளிவான வெற்றி.

அப்படியானால் எவ்வளவு பின்னால்? பின்னச்சுக்கு முன்னால் முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரை என்பது அனுபவமுள்ளவர்கள் ஏற்றுக்கொண்ட அளவு. புதியவர்கள் ஓர் அங்குலத்திலேயே நிற்பது நல்லது என்பது என் கருத்து. அதற்கும் பின்னால் போனால் முன்சக்கரத்தின் மீது எடை போதாமல், தடத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது கார் மூக்கைத் தூக்கி ஆடத் தொடங்கும். உயரத்தில் கிடைத்த ஆதாயம் முழுவதும் அந்த ஆட்டத்தில் போய்விடும். மையத்தைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். சக்கரம், ஆணி எல்லாவற்றையும் உரிய இடங்களில் தற்காலிகமாக வைத்து, காரை ஒரு ஸ்கேலின் விளிம்பின் மேல் குறுக்காக நிறுத்திச் சமன் செய்யுங்கள். சமநிலை கிடைக்கும் இடம்தான் மையம்.

எடைக்குப் பயன்படும் பொருள்களில் டங்ஸ்டனே சிறந்தது, விலையும் அதற்கே அதிகம். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், ஈயத்துக்கு 11.3; எஃகுக்கு ஏறத்தாழ 7.8. 3 அவுன்ஸ் எடையை வைக்க டங்ஸ்டனில் நாலரை கன சென்டிமீட்டர் இடம் போதும்; எஃகில் 11 கன சென்டிமீட்டர் வேண்டும். அடர்த்தி கூடக்கூட எடையைப் பின்னச்சைச் சுற்றி நெருக்கமாக அடுக்கலாம் என்பதுதான் அதன் பயன். ஈயம் மலிவு என்றாலும் நச்சுப்பொருள். பிள்ளைகள் கையாளும் பொருளில் அதைச் சேர்க்காமல் இருப்பதே சரி. செலவைக் குறைக்க விரும்புபவர்கள் அமெரிக்க நிக்கல் நாணயங்களைப் பயன்படுத்தலாம். ஒவ்வொன்றும் சரியாக 5 கிராம் என்பதால் கணக்குப் போடுவதும் எளிது. பின்பகுதியில் துளையிட்டோ பள்ளம் எடுத்தோ எடையை உள்ளே வைத்து, எப்பாக்சி பசையால் நன்றாக ஒட்டிவிடுங்கள். மொத்தம் 5 அவுன்ஸுக்கு ஒரு கிராம் குறைவாக நிறுத்திக்கொண்டு, கடைசி ஒரு கிராமை டங்ஸ்டன் களிம்பால் பந்தய நாளன்று நிரப்புங்கள். வீட்டுத் தராசும் பந்தயத் தராசும் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது.

ஆணிகள்: அதிக நேரத்துக்கு உரியவை

பெட்டியில் வரும் ஆணியை வெளிச்சத்தில் பிடித்துக் கூர்ந்து பாருங்கள். தலைக்குக் கீழே, ஆணி உருவாக்கப்பட்டபோது உண்டான சிறு பிசிறுகள் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும்; தண்டில் எந்திரம் இறுக்கிப் பிடித்த தடங்கள் வரிவரியாகத் தெரியும். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் இந்தப் பிசிறுகளில்தான் உரசிக்கொண்டு சுழல்கிறது. இவற்றை அகற்றி ஆணியைப் பளபளப்பாக்குவதைப் போல உழைப்புக்கு ஏற்ற பலன் தரும் வேலை இந்தக் காரில் வேறில்லை.

முதலில் ஆணி நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டின் விளிம்பில், தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி தண்டை வைத்து உருட்டினால் வளைந்த ஆணி ஆடுவது தெரியும். இப்போதே கூடுதலாக ஒரு பெட்டி ஆணிகளை வாங்கி, இருப்பவற்றுள் நேரானவற்றைத் தேர்ந்துகொள்வது நல்லது.

தேர்ந்த ஆணியின் கூர்முனையை டிரில்லில் செருகி, தலை வெளியே இருக்கும்படி இறுக்குங்கள். டிரில்லை மேசையில் அசையாமல் பொருத்தி, மெதுவாகச் சுழலவிட்டு, சிறிய முக்கோண அரத்தால் தலைக்குக் கீழே உள்ள பிசிறுகளைத் தேய்த்து எடுங்கள். அப்படியே தலையின் உட்பக்கத்தையும் சற்றுச் சரிவாகத் தேய்த்தால், சக்கரத்தின் வெளிமுகம் தலை முழுவதிலும் உரசாமல் தண்டை ஒட்டிய சிறு வட்டத்தில் மட்டும் தொடும். இதன் பிறகு உப்புத்தாள். தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் வகையை வாங்கி, 400 எண்ணில் தொடங்கி 600, 1000, 1500, 2000 என்று ஏறுங்கள். நீளமான மெல்லிய கீற்றாக வெட்டி, இரு முனைகளையும் கைகளில் பிடித்துக்கொண்டு, சுழலும் ஆணியின் மேல் முன்னும் பின்னுமாக இழுக்க வேண்டும். விரலில் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு எண்ணிலும் அதற்கு முந்தைய தாள் விட்ட கோடுகள் மறையும் வரை தேய்த்தால் போதும். அதற்கு மேல் தேய்த்தால் தண்டு மெலிந்து, சக்கரம் தளர்ந்து ஆடும். இறுதியாக உலோகப் பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் ஆணி கண்ணாடி போல மின்னும். சக்கரம் உட்காரும் பகுதிக்கு மட்டுமே இந்த மெருகு வேண்டும். மரத்துக்குள் போகும் பகுதி சொரசொரப்பாக இருப்பதுதான் நல்ல பிடிப்பைத் தரும். வேலை முடிந்ததும் ஆணிகளைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். மிஞ்சிய பாலிஷ் துகள் தேய்ப்பானாகவே வேலை செய்யும்.

இந்த வேலை முழுவதிலும் பெரியவர், பிள்ளை இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும்; தொங்கும் சட்டைக் கைகளோ கையுறையோ சுழலும் டிரில் அருகே கூடாது.

சக்கரங்கள்

சக்கரங்களை ஒவ்வொன்றாக மெருகிட்ட ஆணியில் மாட்டி, விரலால் சுண்டிச் சுழற்றுங்கள். பக்கவாட்டில் ஆடுவதையும் மேலும் கீழும் துள்ளுவதையும் ஒதுக்கிவிட்டு, அமைதியாகச் சுழல்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் ஓரத்தில் வார்ப்பின்போது மிஞ்சிய பிளாஸ்டிக் விளிம்பு இருந்தால் அதை நுண்மையான உப்புத்தாளால் மெல்ல நீக்கலாம். இதற்கு மேல் சக்கரத்தைக் கடைந்து மெலிதாக்குவதைப் பெரும்பாலான குழுக்கள் தடைசெய்கின்றன.

துளையின் உட்பக்கத்தை மெருகிடுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியில் பிளாஸ்டிக் பாலிஷைத் தொட்டு, துளைக்குள் விட்டு, கையால் சுழற்றித் தேய்த்தால் போதும். டிரில்லில் மாட்டினால் மிக மெதுவான வேகம்தான். சூடேறினால் பிளாஸ்டிக் உருகித் துளை கெட்டுவிடும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, ஈரம் முற்றிலும் போக உலர்த்துங்கள்.

நேராக ஓடுவதும், வேண்டுமென்றே சற்றுத் திரும்புவதும்

சக்கரங்களை மாட்டும்போது, சக்கரத்துக்கும் மர உடலுக்கும் இடையே ஒரு கடன் அட்டையின் தடிமன் அளவுக்கு இடைவெளி விட்டு ஆணியைச் செலுத்துங்கள். கடன் அட்டையையே இடையில் செருகி அளந்துகொள்ளலாம். கட்டையில் உள்ள பள்ளங்கள் உடலுக்குச் சரியான செங்கோணத்தில் வெட்டப்பட்டிருக்கும் என்று நம்ப வேண்டாம். மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். கோணல் இருந்தால், விதி அனுமதிக்கும் இடத்தில், தாங்கியில் பொருத்திய டிரில்லால் புதிய துளை போடுவதே சிறந்த வழி.

நான்கு சக்கரங்களும் முற்றிலும் நேராக இருக்கும் கார்கூட வலமும் இடமுமாக அலைந்து நடுப்பட்டையில் மோதும். ஒவ்வொரு மோதலும் வேகத்தைத் தின்கிறது. இதைத் தவிர்க்க நடைமுறைக்கு வந்த உத்தி, முன்சக்கரம் ஒன்றை மட்டும் நடுப்பட்டையோடு மென்மையாக ஒட்டி ஓடவிடுவது. அப்போது கார் அலைவதில்லை. பின்சக்கரங்கள் பட்டையைத் தொடுவதே இல்லை. மற்றொரு முன்சக்கரத்தைத் தடத்திலிருந்து 1/16 அங்குலம் உயர்த்திவிட்டால், அதைச் சுழற்றும் செலவும் அதன் உராய்வும் மிச்சம். உங்கள் குழு நான்கு சக்கரங்களும் தொட வேண்டும் என்று சொன்னால் உயர்த்துவதை விட்டுவிட்டு மற்றவற்றைப் பின்பற்றுங்கள்.

பின்சக்கரங்களிலிருந்து தொடங்குவோம். இரண்டு பின் ஆணிகளும், தலைப்பக்கம் சற்று மேல்நோக்கி இருக்கும்படி 2 முதல் 3 பாகை வரை சாய்ந்திருக்க வேண்டும். அதனால் சக்கரங்களின் மேல்விளிம்பு காரை நோக்கிச் சாயும். இப்படிச் சாய்ந்த ஆணியில் காரின் எடை சக்கரத்தைத் தானாகவே வெளிப்பக்கம், ஆணித் தலையை நோக்கித் தள்ளுகிறது. மெருகிட்ட தலையில் உரசுவது சொரசொரப்பான மரத்தில் உரசுவதை விட எவ்வளவோ மேல். சாய்வைப் பெற ஆணியை வைஸ் எனும் இறுக்கிப் பிடிக்கும் கருவியில் பிடித்து மெல்லத் தட்டி வளைக்கலாம், அல்லது துளையையே சாய்வாகப் போடலாம். சரியாக அமைந்ததா என்று அறிய ஒரு சோதனை உண்டு. காரை மேசையில் முன்னோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். பின்சக்கரங்கள் இரண்டும் ஆணித் தலைக்கு நகர வேண்டும். பின்னோக்கி இழுங்கள், அப்போதும் அவை தலையிலேயே நிற்க வேண்டும். ஒரு சக்கரம் முன்னே போகும்போது வெளியே சென்று பின்னே வரும்போது உள்ளே வந்தால், அந்த ஆணி மேல்நோக்கி மட்டும் சாயாமல் முன்னோ பின்னோ திரும்பியிருக்கிறது என்று பொருள். குறட்டால் தலையைப் பிடித்து இம்மியளவு சுழற்றி மறுபடி பாருங்கள். பொறுமை முழுவதையும் கேட்கும் இடம் இதுதான். இதை அவசரப்பட்டு முடித்தால் அடுத்த கட்டத்தின் அளவுகளுக்குப் பொருளே இருக்காது.

அடுத்து முன்சக்கரம். இடப் பக்கச் சக்கரம் பட்டையைத் தொட வேண்டும் என்று முடிவு செய்ததாகக் கொள்வோம். பட்டை காரின் நடுவில் இருப்பதால், இடச் சக்கரத்தின் உட்பக்கம் பட்டையைத் தொட வேண்டுமானால் கார் வலப்பக்கம் திரும்ப வேண்டும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கையில் காரைப் பிடித்து ஒருமுறை பார்த்தால் தெளிவாகிவிடும். இந்த ஆணியைச் சற்று வளைத்து, சக்கரத்தின் கீழ்விளிம்பு உள்நோக்கி இருக்கும்படி செருகுங்கள். தலையில் அரத்தால் ஒரு சிறு கோடு கீறிவைத்தால், திருப்புளியால் ஆணியைச் சுழற்றித் திருப்பத்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். பட்டையைத் தொடும் அந்த மூலையில் உடலை 1/16 அங்குலம் உள்ளே செதுக்கிவிட்டால் முன்சக்கரம் அதே பக்கத்துப் பின்சக்கரத்தை விட உள்ளே அமரும். பின்சக்கரம் பட்டையிலிருந்து விலகியே ஓடும்.

திருப்பத்தை அளக்க 4 அடிக்கு மேல் நீளமான, வளைவில்லாத பலகை ஒன்று வேண்டும். நீளவாட்டில் நேர்க்கோடு ஒன்றை ஒட்டுநாடாவால் இட்டு, குறுக்குவாட்டில் சமமாக இருக்கிறதா என்று நீர்மட்டத்தால் பார்த்து, ஒரு முனையை மட்டும் கார் தானாக உருளும் அளவுக்குச் சற்று உயர்த்துங்கள். கோட்டின் மேல் காரை நேராக வைத்து விடுங்கள். 4 அடி செல்வதற்குள் அது 3 முதல் 4 அங்குலம் விலகினால் புதியவருக்கு அது நல்ல தொடக்கம். அதைவிடக் குறைவானால், தடத்தில் ஓர் இணைப்பு மேடுகூட காரைப் பட்டையிலிருந்து பிரித்துவிடலாம். மிகக் கூடினால் சக்கரம் பட்டையை அழுத்தி உரசும். பயிற்சிக்குத் தடம் கிடைத்தால், கார் ஆடாமல் செல்லும் மிகக் குறைந்த திருப்பம் வரை சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்க்கலாம். அளவு திருப்தியானதும் ஆணி மரத்துக்குள் செல்லும் இடத்தில் ஒரு துளிப் பசை இட்டுவிடுங்கள்.

கிராஃபைட்

உயவுக்கு உலர்ந்த கிராஃபைட் தூளே பெரும்பாலான குழுக்கள் அனுமதிப்பது. சமையலறை எண்ணெயும், துருப்பிடித்த பூட்டுக்குத் தெளிக்கும் எண்ணெயும் தூசியை ஈர்த்துப் பிசுபிசுப்பாக்கும்; அவற்றைக் கிராஃபைட்டோடு கலந்தால் துளைக்குள் கரிய களிம்பு உண்டாகிச் சக்கரம் நின்றுபோகும். காரைப் பக்கவாட்டில் பிடித்து, சக்கரத் துளைக்குள் சிறிது தூளை விட்டு, சக்கரத்தைச் சுழற்றி, நிற்கும் வரை விட்டு, மறுபடி தூள் விடுங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் இதைப் பலமுறை செய்யும்போது துளையின் சுவரில் கிராஃபைட் படலம் ஒன்று படிந்து, சக்கரம் முன்னிலும் நீண்ட நேரம் சுழல்வதைக் கேட்டே அறியலாம். சக்கரத்தின் உட்பக்கம் உடலை உரசக்கூடிய இடத்தில் மென்மையான பென்சிலாலோ அதே தூளாலோ தேய்த்துவிடுங்கள். பிள்ளைகள் மிகவும் விரும்பிச் செய்யும் வேலை இது. செய்தித்தாளை விரித்து, முகமூடி அணிந்து, வீட்டுக்கு வெளியே செய்வது நல்லது.

பந்தய நாள்

காரைத் துணி சுற்றிய பெட்டியில், சக்கரங்கள் எதன் மீதும் படாதபடி கொண்டுசெல்லுங்கள். தரையில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் தம்பி தங்கைகளிடமிருந்து அதைக் காப்பது உங்கள் பொறுப்பு. ஒருமுறை மேசையிலிருந்து விழுந்தாலே நீங்கள் நாள்கணக்கில் சரிசெய்த கோணங்கள் மாறிவிடும். எடை பார்க்கும் மேசைக்குச் சீக்கிரம் போனால் தராசு காட்டும் அளவைப் பார்த்துக் களிம்பைச் சேர்க்கவோ குறைக்கவோ நேரம் இருக்கும். சிறிய குறடு, களிம்பு, கிராஃபைட், விரைவாக ஒட்டும் பசை ஆகிய நான்கும் பையில் இருக்கட்டும். பதிவு முடிந்ததும் கார் பொறுப்பாளர்களிடம் போய்விடும். அதன் பிறகு தொட முடியாது என்பதால் கடைசிச் சொட்டுக் கிராஃபைட்டையும் அதற்கு முன்பே இட்டுவிட வேண்டும்.

பிள்ளையே காரைத் தடத்தில் வைக்கும் வழக்கம் உங்கள் குழுவில் இருந்தால், வீட்டிலேயே அதைப் பழக்குங்கள். காரைச் சக்கரத்தில் பிடிக்காமல் உடலின் இரு பக்கங்களையும் பிடித்துத் தூக்க வேண்டும். மூக்கைத் தொடக்கக் கம்பியில் சாய்க்க வேண்டும். பின்சக்கரங்கள் இரண்டும் பட்டையிலிருந்து சம தொலைவில் இருக்கும்படி நிறுத்தி, பட்டையைத் தொட வேண்டிய முன்சக்கரத்தை மட்டும் அதை ஒட்டி வைத்துவிட்டு, கையை மெதுவாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஓடுபாதை மாறும் என்பதால் இந்த நிலைநிறுத்தலை ஒவ்வொரு முறையும் அதே கவனத்தோடு செய்யச் சொல்லுங்கள்.